கடவுச்சொல் காத்தல்

ஆனித் திங்களில் கல்லூரி வாயில் திறக்கும்போது, புதியராய் வந்து சேரும் மாணாக்கர்க்கு மூன்று பொருள்கள் வழங்கப்பெறுகின்றன. ஒன்று அடையாள அட்டை. மற்றொன்று நூலக அட்டை. மூன்றாவது, கையாற் பற்றவும் பையில் இடவும் இயலாத கணிப்பொறிக் கணக்கு. முதலிரண்டும் காணாமற் போயின் மாணாக்கர் முகம் வாடி அலுவலகத்துக்கு ஓடிவருவர். தண்டம் கட்டிப் புதியது பெறுவர். மூன்றாவதன் திறவுகோலையோ, கேட்டார்க்கெல்லாம் வாய்விட்டுச் சொல்லியும், குறிப்பேட்டின் கடைசித் தாளில் எழுதியும், நண்பர் குழாத்தின் பொதுச் சொத்தாக்கி விடுகின்றனர். ஆங்கிலத்தார் பாஸ்வோர்டு என்பதும், இந்நாளில் தமிழர் கடவுச்சொல் என வழங்குவதும் இத்திறவுகோலையே.

இதனைப்பற்றி எழுதுதற்கு எமக்குள்ள தகுதி யாதெனின், கணிப்பொறி நூலில் யாம் பெற்ற புலமை அன்று. மாணவப் பருவத்தில் யாம் செய்த ஒரு பிழையே. அப்பிழையை முதற்கண் உரைத்து, அதனின்று யாம் கற்றவற்றைப் பின்னர்க் கூறுவோம். படிப்போர் பொறுத்தருள்க.

எம் ஊர் சங்கராபுரம். ஒருபுறம் நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. மேற்கே நோக்கின் கல்வராயன் மலைத்தொடர். யாம் பயின்ற நாளில் விழுப்புரம் மாவட்டத்துள் இருந்த இவ்வூர், 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாய் அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. எம் தெருவில் வீட்டைப் பூட்டுவோர், சாவியை வாயில் மாடத்தில் வைத்துவிட்டே வயலுக்குச் செல்வர். சாவி எங்குள்ளதெனத் தெருவார் அனைவரும் அறிவர். அனைவரும் அறிவதே அவ்வீட்டுக்குக் காவலாகவும் இருந்தது. அயலார் ஒருவர் அம்மாடத்தை நோக்கிக் கைநீட்டுவராயின், “யாருங்க வேணும்?” என்று எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு குரல் எழும். இப்பழக்கத்தில் வளர்ந்த யாம், கணிப்பொறிக்கும் அதுவே போதுமென எண்ணினோம். அங்கேதான் பிழை தொடங்கிற்று.

எம்முடன் பள்ளியிற் பயின்று, பின் அயலூர்க் கல்லூரி ஒன்றிலும் உடன் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரினர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வர். அரசு தரும் உதவித்தொகையை நம்பியே அவர் படிப்பு நடந்தது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் விடுமுறைக்கு அவர் மலையேறும்போது, தம் மின்னஞ்சற் கணக்கின் கடவுச்சொல்லை எம்மிடம் ஒப்புவித்தார். அவர் ஊரில் அந்நாளில் அலைபேசிக்கு அலை எட்டாது. ‘உதவித்தொகை விண்ணப்பத்தைப்பற்றி ஏதேனும் கடிதம் வரின், பார்த்துச் சொல்லியனுப்புக’ என்பது அவர் வேண்டுகோள். நம்பி ஒப்படைத்தார், மகிழ்ந்து ஏற்றோம்.

அக்கடவுச்சொல் யாது? அவருடைய பெயரும் அவர் பிறந்த ஆண்டும். அதனை எம் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டு, ஊரிலிருந்த இணைய மையம் ஒன்றுக்குச் சென்றோம். கணக்கைத் திறந்தோம், கடிதம் ஏதுமில்லை. நேரம் ஆயிற்றென மையத்தார் கூறவே எழுந்து வந்தோம். கணக்கை மூடி வெளியேறினோமா என்பது இன்றளவும் எமக்கு நினைவில்லை. குறிப்பேட்டை விரித்தபடியே மேசைமேல் வைத்திருந்தோம் என்பது மட்டும் நன்கு நினைவில் நிற்கின்றது.

மறுவாரம் மீண்டும் சென்றபோது கணக்குத் திறக்கவில்லை. எவரோ விளையாட்டாகவோ வேறு நோக்கத்தாலோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டனர். ‘கடவுச்சொல் மறந்ததா?’ என்னும் வழியே முயன்றோம். மீட்புக் குறியெண் ஓர் அலைபேசிக்கு அனுப்பப்பெற்றதாகத் திரையிற் கண்டது. அவ்வெண் நண்பருடையது அன்று. அவர் கணக்கை முதன்முதலில் தொடங்கிக் கொடுத்தவர் தம் எண்ணையே அதிற் பதிந்திருந்தார். அவ்வெண்ணும் அப்போது வழக்கொழிந்திருந்தது. வீட்டுக்கு உரியவர் வெளியே நிற்க, கதவு எவருக்கும் திறவாததாயிற்று.

விடுமுறை முடிந்து நண்பர் இறங்கிவந்து அலுவலகத்திற் கேட்டபோதே உண்மை வெளிப்பட்டது. விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கெண்ணின் ஓரிலக்கம் பிழையாயிருந்தமையால், குறித்த நாளுக்குள் திருத்துக என்னும் கடிதம் அப்பூட்டிய கணக்கினுள் வந்து கிடந்திருக்கின்றது. குறித்த நாளோ கழிந்துவிட்டது. அவ்வாண்டு உதவித்தொகை இல்லை. நண்பர் கல்லூரியினின்று நின்று, கட்டட வேலைக்குக் கேரளம் சென்றார்.

யாம் மலையேறி அவர் தந்தையாரைக் கண்டு, எம் பிழையென ஒப்புக்கொண்டோம். அன்று சாரல் மழை. அவர் எம்மைச் சினந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “போனது போவட்டும் தம்பி; மழையில வந்திருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க” என்று சாமைச்சோறு இட்டார். அச்சோற்றை விழுங்க எமக்கு நெடுநேரம் ஆயிற்று.

நிற்க. அப்பிழையைப் பின்னாளில் ஆராய்ந்து நோக்கியவிடத்து, அதனுள் மூன்று ஓட்டைகள் புலனாயின. கடவுச்சொல் ஊரறிந்த செய்தியால் ஆயது என்பது ஒன்று. அது பிறர் கைக்கும் பிறர் குறிப்பேட்டுக்கும் சென்றது என்பது மற்றொன்று. மீட்பு எண் உரியவருடையதாய் இல்லாதது மூன்றாவது. இம்மூன்றினையும் முறையே காண்போம்.

நீவிர் மட்டும் அறிந்த ஒன்றைக் கடவுச்சொல்லாகக் கொள்க என்று நூல்கள் கூறுகின்றன. சங்கராபுரம் போன்ற ஊரில், ஒருவர் மட்டும் அறிந்தது எது? தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயரின் முன் தாங்கித் திரிபவர் நாம். மக்கட்பெயரை வண்டியின் முகப்பிலும் கடையின் பலகையிலும் எழுதுவோம். பிறந்தநாள் வரின் நாற்சந்தியில் படத்தோடு பதாகை கட்டுவோம். குலதெய்வத்தின் பெயரையோ ஊரே அறியும். இவையனைத்தும் அன்பின் அடையாளங்கள். குறை கூறுதற்குரியன அல்ல. ஆயினும் இவற்றுள் ஒன்றேனும் கடவுச்சொல் ஆகாது. தொலைநாட்டுக் கள்வரினும் நம் அண்டையிலுள்ளாரே நம் கடவுச்சொல்லை எளிதில் ஊகிப்பர். நம்மை அறிந்திருத்தலே அதற்குக் காரணம்.

கணக்கிட்டுப் பார்ப்பின் இது தெளிவாகும். 2000 முதல் 2009 முடியவுள்ள பத்தாண்டுகளில் நாள்கள் 3,653 மட்டுமே. பிறந்தநாளைக் கடவுச்சொல்லாகக் கொண்ட மாணவர் எவராயினும் இச்சிறு எண்ணிக்கைக்குள் அடங்குவர். எம் நண்பரைப்போலப் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்ப்பாராயின், பெயரறிந்த ஒருவர்க்குப் பத்து முயற்சி போதும். அலைபேசி எண்ணைக் கொள்வாராயின், அவ்வெண்ணைத் தம் அலைபேசியில் வைத்திருக்கும் தோழர்க்கு ஒரே முயற்சி போதும்.

இப்பேதைமை நம் நாட்டுக்கே உரியதன்று. பலர் ஒரு கணிப்பொறியை ஒருங்கே ஆளும் முறையை அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பத்தோ என்பார் குழுவினர் 1961-ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டினர். ஒவ்வொருவர் கோப்பும் தனித்து இருத்தற்பொருட்டு அம்முறையில் கடவுச்சொல் புகுத்தப்பெற்றது. மறு ஆண்டே, ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய கணிப்பொறி நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிடச் செய்து எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் தோன்றிய இடம் கல்லூரி. அதனைத் திருடிய முதல்வருள் ஒருவர் மாணாக்கர். இதனை நினைக்கும்தோறும் எமக்கு நகையும் நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன.

1979-ஆம் ஆண்டில் ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் என்னும் இருவர், பயனர் கொண்ட 3,289 கடவுச்சொற்களைத் திரட்டி ஆராய்ந்தனர். அவற்றுள் 86 விழுக்காடு, மிகக் குறுகியனவாகவோ, அகராதிகளிலும் பெயர்ப்பட்டியல்களிலும் காணப்படுவனவாகவோ இருந்தன. அம்மாரிஸின் மைந்தரும் கார்னெல் பல்கலைக்கழக மாணவருமாகிய ராபர்ட் டாப்பன் மாரிஸ் 1988 நவம்பர் 2-ஆம் நாள் வெளிவிட்ட ‘புழு’ என்னும் நிரல், பயனர் பெயரையும், தன்னுள் அடக்கியிருந்த 432 சொற்களையும் கடவுச்சொல்லாக இட்டு முயன்று, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை நிலைகுலையச் செய்தது. 2009-ஆம் ஆண்டில் ராக்யூ என்னும் நிறுவனத்தினின்று 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் களவுபோயின; அவற்றுள் மிகப் பலர் கொண்டிருந்தது 123456 என்பதே. தந்தை கண்ட குறை முப்பது ஆண்டு கழிந்தும் திருந்தவில்லை என்பதை நோக்குக.

நல்லதொரு கடவுச்சொல்லை அமைக்குமாறு எங்ஙனம்? ஆங்கிலச் சிற்றெழுத்து எட்டினை இடையறாது மாற்றி மாற்றி வைப்பின் கிடைக்கும் வகைகள் 20,882 கோடி. பெரிதெனத் தோன்றும், ஆயின் கடவுச்சொற் கோப்பு களவு போய், அதுவும் வலிவற்ற முறையில் காக்கப்பெற்றிருக்குமாயின், இந்நாளைப் பொறி இத்துணையையும் சில நிமிடங்களிற் சோதித்துவிடும். ஆகலின் சிக்கலான குறியீடுகளைவிட நீளமே சிறந்த காவல். 1995-ஆம் ஆண்டில் ஆர்னால்டு ரெயின்ஹோல்டு என்பார் ஒரு வழி கண்டார். 7,776 சொற்களை வரிசைப்படுத்தி, தாயக்கட்டையைப்போன்ற ஆறுமுகப் பகடையை ஐந்துமுறை உருட்டி, விழும் எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக்கொள்வது. இவ்வாறு நான்கு சொற்களை எடுத்துக் கோப்பின், வகைகள் ஏறக்குறைய 3,656 இலட்சம் கோடி ஆகும். மனத்திற் பதிதற்கோ நான்கே சொற்கள்!

இதனை நம் மாணாக்கர் தமிழாலும் செய்யலாம். வீட்டிலுள்ள தடித்த அகராதியைச் சீட்டுக் குலுக்கி வந்த எண்ணுள்ள பக்கத்தில் திறந்து, ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களை எடுத்து, தாம் எழுத்துக்கூட்டும் முறையில் ஆங்கில எழுத்தால் இடலாம். கடுக்காய், ஏணி, தபால், நீலம் என்றாற்போல. இந்நான்கினையும் எவரும் கொள்ளற்க. இதழில் அச்சேறியது இனி இரகசியம் அன்று. மனத்துக்கு இனிய பாட்டின் அடியையோ, பள்ளியில் உருவேற்றிய செய்யுளையோ கொள்வதும் தகாது. அவை நமக்கு எளிதில் நினைவுக்கு வருமாறே பிறர்க்கும் வரும். சொற்களை நாம் தேர்ந்தெடுத்தலினும் பகடையும் சீட்டும் தேர்ந்தெடுத்தலே நன்று. ஏனெனின் நம் விருப்பத்தை நம்மை அறிந்தார் ஊகிப்பர். பகடையின் விருப்பத்தை எவரும் ஊகியார்.

இனி, காத்தலைப்பற்றிச் சில கூறுவோம். ஒரு சாவியால் பல பூட்டுகளைத் திறக்கச் செய்யற்க. கல்லூரிக்கு ஒன்று, அஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என வேறு வேறாகவே கொள்க. ஓரிடத்திற் களவு போனதைப் பிற இடங்களில் இட்டுப் பார்த்தல் கள்வர் வழக்கம். இத்துணையும் நினைவில் நில்லாவே எனின், கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் பாஸ்வோர்டு மேனேஜர் என்னும் செயலிகள் உண்டு. அவை கைவராதவர், தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்தலும் தவறன்று. தாளில் எழுதியதனால் எம் நண்பர் கெடவில்லை. அத்தாளை விரித்துப் பொதுவிடத்தில் வைத்த எம்மாற் கெட்டார்.

கடவுச்சொல்லை எவர் கேட்பினும் கொடுக்கற்க. இதற்கொரு நுண்ணிய காரணம் உண்டு. செம்மையாய் அமைந்த கணிப்பொறி முறை, நம் கடவுச்சொல்லை அவ்வாறே எழுதி வைப்பதில்லை. அரிசியை மாவாக்குவதுபோல அரைத்து, அம்மாவினையே வைக்கின்றது. மாவினின்று அரிசியை மீட்டல் இயலாதன்றோ? மேலே குறித்த மாரிஸும் தாம்சனும், இருவர் ஒரே சொல்லைக் கொண்டாலும் மாவு வேறுபடுமாறு, ஒவ்வொருவர்க்கும் வேறு வேறு ‘உப்பு’ச் சேர்க்கும் முறையையும் 1979-லேயே விளக்கினர். நாம் சொல்லை இடும்போது அதனை மீண்டும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டே பொறி கதவைத் திறக்கின்றது. ஆகவே கணக்கைக் காக்கும் மெய்யான அலுவலர்க்கு நம் கடவுச்சொல் வேண்டுவதே இல்லை. தொலைபேசியில் அழைத்து அதனையோ, ஒருமுறைக் குறியெண்ணையோ கேட்பவர், எப்பெயர் சொல்லினும் அலுவலர் அல்லர்.

மீட்பு எண் உம்முடையதே எனப் பலமுறை நோக்குக. இணைய மையத்தாரோ உறவினரோ அன்பினால் தொடங்கிக் கொடுத்த கணக்காயின், இவ்விதழை மூடியவுடன் திறந்து அவ்வெண்ணை மாற்றுக. அலைபேசி எண்ணை விட்டொழிக்கும் முன்னர், அது எவ்வெக் கணக்குகளிற் பதிந்துள்ளதென ஆராய்க. கடவுச்சொல்லோடு ஒருமுறைக் குறியெண்ணும் கேட்கும் இரட்டைக் காவல் எங்குளதோ அங்கெல்லாம் அதனைக் கொள்க. பொதுக் கணிப்பொறியில் ‘நினைவில் வைக்கவா?’ என வினவின் வேண்டாவென்க, எழுமுன் வெளியேறுக. மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டுமோ எனின், வேண்டா. அமெரிக்க அரசின் அளவைகள் தொழில்நுட்பத் தேசியக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறி, காரணமின்றிக் காலந்தோறும் மாற்றப் பணித்தல் தகாதென்றே கூறிற்று. அங்ஙனம் பணிக்கப்பெற்றோர் கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி ஏமாறுவர். வெளிப்பட்டதென ஐயம் எழின், அக்கணமே மாற்றுக.

பிறர் கடவுச்சொல்லை வஞ்சமாய் ஆள்வது குற்றமுமாகும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் சேர்ந்த 66-சி என்னும் பிரிவு, அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலட்ச ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. பணம் இழந்தோர் 1930 என்னும் எண்ணுக்கு உடனே முறையிடலாம். எனினும் சட்டம் அஞ்சியே ஒழுகுதல் கற்றார்க்குச் சிறப்பன்று. ‘என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டுக் கடவுச்சொல்லைப் பெறுதல் நம் மாணாக்கரிடையே ஒரு வழக்கமாய் உளது. நட்பின் பெயரால் நண்பரைக் காவலற்றவராக்கும் இவ்வழக்கம் ஒழிக.

எம் நண்பர் ஓராண்டு கழித்து மீண்டும் கல்லூரி சேர்ந்தார். எமக்கு ஒரு வகுப்புக் கீழே. எம்மோடு முன்போலவே உண்டார், உறங்கினார், சிரித்தார். ஒருநாள் கணிப்பொறிக் கூடத்தில் அவரருகே அமர்ந்திருந்தோம். கணக்கைத் திறக்கும்போது அவர் இடக்கையை மெல்ல உயர்த்தி, விசைகளின்மேல் நிழலிடுமாறு கவித்துக்கொண்டு தட்டினார். எம்மை நோக்கிச் சினமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முதலில் எம் நெஞ்சு சுருக்கென்றது. பின்னர், யாம் முன்பே கற்றிருக்க வேண்டியதை அவர் கற்றுவிட்டார் என உணர்ந்து, முகத்தைச் சாளரத்தின்பால் திருப்பிக்கொண்டோம்.

அன்று தொட்டு, அருகிலுள்ளார் கடவுச்சொல் தட்டுங்கால் முகந்திருப்புதல் எமக்கு வழக்கமாயிற்று. எம் வகுப்பு மாணாக்கர் முதலில் இதனைக் கண்டு நகைத்தனர். இப்போது அவர்களிற் சிலரும் திருப்புகின்றனர். இதனைப் படிக்கும் நீவிரும் நாளை கூடத்திற் புகும்போது, கைகவித்துத் தட்டுக. தோழர் தட்டுங்கால் முகந்திருப்புக. அதனால் நட்புக் குறையாது என்பதற்கு, இன்றும் கார்த்திகைதோறும் மலையினின்று எமக்குத் தேன் அனுப்பும் அந்நண்பரே சான்று.